டச்சஸ் தின்ற குழை

1

இந்த வருடம் எங்கள் ஊர்க் கோவில் புனிதர் சந்தியோகுமையோரின் திருநாளுக்கு வீட்டில் ஆட்டிறைச்சி இல்லை. சோயா மீற். ஊரில் இருந்து தொலைபேசியில் கேட்டவர்களுக்கு, "இவருக்கு கொலஸ்ட்ரோல். டொக்டர் வேண்டாம் எண்டவர்" என்று என் மனைவி மெற்றில்டா சொல்லிச் சமாளித்துவிட்டாள். கொலஸ்ட்ரோல் என்றதும் ஊரில் எவரும் மேற்கொண்டு கேட்பதில்லை. கனடாக்காரனுக்கு அது ஒரு பட்டம் மாதிரி. உண்மைக் காரணம் வேறு என்பதாலும், அது எங்கள் ரொறொன்ரோ மல்வேர்னில் ஏற்கெனவே பல வடிவங்களில் உலவுவதாலும், அதை நானே எழுதிவிடுவது நல்லது.

யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் ரியூட்டறிகளில் உயர்தர மாணவர்களுக்குத் தாவரவியல் படிப்பித்தவன் நான். இங்கே பிறம்ரனில் ஒரு கார் உதிரிப்பாகக் களஞ்சியத்தில் பெட்டி எண்ணுகிறேன். படிப்பித்த காலத்தைப்போல இரண்டு மடங்கு காலம் எண்ணியாயிற்று. ஆனாலும் மல்வேர்னில் என்னை எவரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாஸ்டர். அந்த ஒரு சொல்தான் நான் விமானத்தில் கொண்டுவந்து, சுங்கத்தில் பறிபோகாமல் தப்பிய பொருள்.

அந்தச் சொல்லை அதிகம் பாவிப்பவர் தாசன் அண்ணை. ஊரில் இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர். இங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு யூலையிலும் திருநாளுக்குப் பங்கு போடுவது அவர் பொறுப்பு. எட்டு வீட்டுக்காரர் சேர்ந்து ஒரு கிடாய். அறுப்பது சட்டப்படி அனுமதி பெற்ற இறைச்சிச்சாலையில். கூறு போடுவது அண்ணையின் கராஜில். ஈரல், எலும்பு, கொழுப்பு என்று எட்டுக் கூறிலும் எல்லாம் ஒரேயளவு விழவேண்டும். பிறகு ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அண்ணை ஒரு கூறைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்பார். சுவரைப் பார்ப்பவர் திரும்பாமலே ஒரு பெயர் சொல்வார். அப்பீல் கிடையாது. இந்த நாட்டின் உயர் நீதிமன்றத்தில்கூட நீதிபதிகள் இவ்வளவு நேர்மையாகச் சுவரைப் பார்ப்பதில்லை.

2

எங்கள் மகள் அனிற்றா இங்கே பிறந்தவள். அவள் டொக்டராகப் போகிறாள் என்று நாங்கள் பல வருடங்களாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். யாருக்கு டொக்டர் என்பதை அவள் பிறகுதான் சொன்னாள். மிருகங்களுக்கு. அதுவும் பெரிய மிருகங்களுக்கு.

"நாய் பூனையெண்டாலும் பரவாயில்லைப் பிள்ளை. சின்னதாக் கையில வைச்சுப் பாக்கலாம். ஏன் மாடு?" என்று மெற்றில்டா அழாக்குறையாகக் கேட்டாள்.

"அம்மா, ஐ லைக் கவ்ஸ்" என்றாள் அனிற்றா. விவாதம் முடிந்தது.

மிருக வைத்தியக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் பண்ணையில் வேலை செய்த அனுபவமும், பண்ணைக்காரரின் நற்சான்றுக் கடிதமும் வேண்டும். அதற்காகப் போன வருடக் கோடைவிடுமுறையில் ரொறொன்ரோவில் இருந்து இரண்டு மணித்தியால ஓட்டத்தில் உள்ள ஓர் ஆட்டுப் பண்ணையில் சேர்ந்தாள். உரிமையாளர் மார்கிரற் என்ற அம்மா. கணவரை இழந்தவர். ஆட்டுப்பால் விற்பவர். அதிகம் பேசாதவர். மார்கிரற் எழுதித் தரப்போகும் ஒரு பக்கக் கடிதத்தில்தான் மகளின் மிச்ச வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது.

மார்கிரற் கிடாய்களை விற்பார் என்ற செய்தியை நான்தான் வாய் தவறித் தாசன் அண்ணையிடம் சொன்னேன். அவர் அன்றைக்கே நாள் குறித்துவிட்டார். அனிற்றாவுக்கு விருப்பமே இல்லை. "வாங்கோ, பாருங்கோ, போங்கோ. அப்பா, ஒண்டையும் தொடக்கூடாது. எனக்கு அந்த லெற்றர் வேணும். ப்ளீஸ்" என்றாள்.

நான் வாக்குக் கொடுத்தேன். தொடமாட்டோம் என்று. தாவரம் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

3

பண்ணையில் சப்பாத்தை மருந்துத் தண்ணீரில் தோய்த்து, வருகைப் புத்தகத்தில் கையொப்பமிட்டு, நானும் தாசன் அண்ணையும் நல்ல பிள்ளைகளாக நின்றோம். கிடாயைப் பிடித்துவர அனிற்றா பின்பக்கம் போனாள். மார்கிரற் தொலைபேசியில் பேச உள்ளே போனார். எங்கள் இருவரையும் கால் மணித்தியாலம் தனியாக விட்டதுதான் அவர்கள் செய்த ஒரே பிழை.

ஓரத்தில் ஓர் ஆடு தனியாக அடைக்கப்பட்டு நின்றது. தவிட்டு நிறம், தோள்வரை தொங்கும் காது. கழுத்துப் பட்டியில் டச்சஸ் என்று, ஒரு பிரபுவின் மனைவிக்குரிய பெயர். அதன் தீன் தட்டு துடைத்த மாதிரி இருந்தது. அது தாசன் அண்ணையின் முகத்தைப் பார்த்து ஒரு முறை கத்தியது.

"மாஸ்டர், உவள் பசியில நிக்கிறாள்."

"அவையின்ர ஆடு, அண்ணை. அவை பாப்பினம்."

"பாக்கிற வடிவு தெரியுதுதானே. ஒரு வைக்கல் துரும்புகூட இல்லை. பெரிய பண்ணையாம்!"

ஸ்கான் படம் எடுக்க மிருக வைத்தியர் வரவிருந்தார் என்பதும், வயிறு நிறைந்திருந்தால் படம் தெளிவாகத் தெரியாது என்பதற்காகவே காலைத் தீனை நிறுத்தியிருந்தார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், ஆடு கத்தினால் இலைக்குழை கட்டவேண்டும் என்பது. நிலத்தில் போட்டால் ஆடு மிதிக்கும். கொப்போடு ஒடித்துக் கட்டித் தலைக்கு மேலே தொங்கவிட்டால்தான் மரியாதையாகத் தின்னும். ஊரில் பூவரசு, கிளுவை, பலா. இங்கே?

வேலிக்கு வெளியே, தெருவோர வடிகானில், இடுப்பளவு உயரத்தில் ஒரு செடி தானாக முளைத்துப் பரவியிருந்தது. விரித்த கைவிரல்கள் போல இலை. அங்கங்கே ஊதாப் பூக்கதிர். மிச்சமெல்லாம் மெல்லிய மயிர் படர்ந்த காய்.

"மாஸ்டர், உது என்ன செடி? ஆட்டுக்குக் குடுக்கலாமோ?"

வாசகர்களே, இந்த நாட்டில் கால் வைத்த நாளில் இருந்து என்னிடம் எவரும் ஒரு தாவரவியல் கேள்வி கேட்டதில்லை. வேலையிடத்தில் கேட்பதெல்லாம் "எத்தனை பெட்டி?" வீட்டில் கேட்பதெல்லாம் "குப்பை வைச்சாச்சோ?" நான் குனிந்தேன். ஒரு பூவைப் பிரித்தேன். மேலே பெரிய இதழ் ஒன்று, பக்கத்தில் சிறகு இரண்டு, அடியில் ஓடம் மாதிரி ஒன்று. காயைப் பிளந்தேன். ஒரே வரிசையில் விதைகள். என் குரல் தானாகவே வகுப்பின் கடைசி வாங்கில் இருப்பவனுக்குக் கேட்கும் அளவுக்கு உயர்ந்தது.

"அவரைக் குடும்பம், அண்ணை. பயறு, உளுந்து, கடலை எல்லாம் இதின்ர சொந்தக்காரர். வேரில நைதரசன் முடிச்சு இருக்கும். முழுக்கப் புரதம். தாராளமாக் குடுங்கோ."

"காயோட குடுக்கலாமோ?"

"காய்தான் திறம்."

அண்ணை காற்சட்டைப் பையில் இருந்து நூல் கயிறு எடுத்தார். ஐம்பது வருடக் கடல் முடிச்சு. ஒரு கைப்பிடிக் குழை வேலியின் உச்சியில் தொங்கியது. டச்சஸ் பின்னங்காலில் எழும்பி நின்று தின்றது. நாங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு நாட்டுக்கே உணவூட்டிய திருப்தியோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

கயிற்றில் கிடாயோடு அனிற்றா வந்தாள். பார்த்தாள்.  கிடாயின் கயிற்றைக் கைவிட்டாள். (அது ஓடிய ஓட்டத்தோடு எங்கள் எட்டுக் கூறும் போயின.) குழையைப் பிடுங்கி எறிந்தாள். டச்சஸின் வாய்க்குள் விரலைவிட்டு மிச்சத்தை வழித்தெடுத்தாள். மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைப் பேனையால் உள்ளங்கையில் எழுதினாள். பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இது லூப்பின். ஹூ டோல்ட் யூ திஸ் வோஸ் ஓகே?"

தாசன் அண்ணை ஒரு வினாடிகூடத் தாமதிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பெயர் சொல்லும் நேர்மையோடு, "மாஸ்டர்" என்றார்.

"அவரைக் குடும்பம்தானே பிள்ளை" என்றேன்.

"ஓம் அப்பா. ரோசரி பீயும் அதே ஃபாமிலிதான்."

ரோசரி பீ என்றால் நம் குன்றிமணி. சிவப்பில் கறுப்புப் பொட்டு. வாயில் போட்டால் செத்துப்போவாய் என்று ஊரில் நடக்கத் தொடங்கிய குழந்தைக்கே சொல்லிவைப்பார்கள். அதை அவரைக் குடும்பத்துக்கு உதாரணமாகக் கரும்பலகையில் ஒன்பது வருடம் எழுதியவன் நான்.

4

என்னை நிழலில் நிறுத்தி வைத்து அனிற்றா பாடம் எடுத்தாள். லூப்பின் இலையில், காயில், எல்லாவற்றையும்விட விதையில், கசப்பான அற்கலோயிட்டுகள் இருக்கின்றன. (பரீட்சையில் அதைத் தமிழில் காரப்போலி என்று எழுதியவனுக்கும் நான் புள்ளி போட்டிருக்கிறேன். பொருள் என்ன என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.) ஓட முடியாத செடி, மேய வருபவர்களுக்கு எதிராக வைத்திருக்கும் ஆயுதம் அது. காய்க்கும் காலத்தில் பசியோடு வரும் செம்மறிகள் நிறையத் தின்றால் நடுங்கும், நுரை தள்ளும், மூச்சுத் தசைகள் சோர்ந்து செத்தும் போகும். எதிர்மருந்து கிடையாது. மேய்ச்சலில் வேறு புல் இருந்தால் ஆடு கசப்பென்று தொடாது. பட்டினி கிடந்த ஆட்டுக்கு, கயிறு கட்டிக் கொடுத்தால் தின்னும்.

மார்கிரற் வந்தார். அனிற்றா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மார்கிரற் என்னைப் பார்க்காமல் ஆட்டைப் பார்த்துக்கொண்டு, எவரும் சத்தம் போடவேண்டாம், பயந்தால் அவளுக்கு இன்னும் கெடுதல் என்றார். அதன்பிறகு அந்தப் பண்ணையில் கோழிகூட மெதுவாகத்தான் கொக்கரித்தது. தாசன் அண்ணை ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்து, உதடு மட்டும் அசையச் செபமாலை சொன்னார்.

சிறிது நேரத்தில் டச்சஸின் தோள் நடுங்கத் தொடங்கியது. உதட்டோரம் நுரை. தலையைப் பலகையில் முட்டுக்கொடுத்து நின்றது. அனிற்றா பக்கத்தில் முழந்தாளிட்டு அதன் மூச்சை எண்ணி எண்ணி எழுதினாள்.  என் மகளுக்கு இப்படியொரு முகம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

வைத்தியர் வந்தார். இளம் பெண். குழாய் வழியாகக் கரித்தூள் கரைசலை வயிற்றுக்குள் இறக்கினார். பிறகு, வந்த வேலையையும் பார்த்துவிடுவோம் என்று ஸ்கான் கருவியை வைத்தார். சாம்பல் நிறத் திரையில் கடுகளவு ஒரு துடிப்பு.

"ஒரு குட்டி. நாற்பது நாளளவில்" என்றார். பிறகு அனிற்றாவும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பார்வையின் அர்த்தம் இதுதான். சில லூப்பின் இனங்களில் இருக்கும் நஞ்சு, வயிற்றில் இருக்கும் குட்டியையும் மயக்கிப் படுக்க வைக்கும். குட்டி அசையாமல் கிடந்தால் மூட்டுகள் கிடந்தபடியே இறுகிவிடும். வளைந்த காலோடு பிறக்கும். மாடுகளில் இதற்கென்றே ஒரு பெயர் இருக்கிறதாம். ஆபத்தான காலம் எது என்று கேட்டேன். "இந்தக் காலந்தான்" என்றார் வைத்தியர். பல நாள் தின்றால்தான் அப்படி ஆகும், ஒரு வேளைத் தீன் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆனால் உறுதி சொல்ல முடியாது, நவம்பரில் பிறக்கும்போது தெரியும் என்றார்.

யூலையில் இருந்து நவம்பர்.

வெயில் சாயும் நேரத்தில் டச்சஸின் தொண்டையில் ஓர் உருண்டை மேலே ஏறியது. தாடை ஆடத் தொடங்கியது.

"அசை போடுறாள்!" என்று தாசன் அண்ணை ரகசியக் குரலில் அலறினார்.

அனிற்றா அப்போதுதான் நிலத்தில் உட்கார்ந்தாள். மார்கிரற் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். இந்த நாட்டில் சாவு தப்பினாலும் படிவம் தப்பாது. என்ன தின்றது, எவ்வளவு, யார் கொடுத்தது. கடைசிக் கேள்வி: இந்தத் தாவரம் பற்றி உங்களுக்கு முன்பே என்ன தெரியும்? நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பூவின் அமைப்பில் தொடங்கி, வேர் முடிச்சு வழியாக, அரைப் பக்கம் எழுதினேன். அனிற்றா வாங்கி வாசித்தாள். முழுவதையும் ஒரு கோட்டால் வெட்டி, மேலே எழுதினாள்: ஒன்றுமில்லை.

5

அனிற்றா பண்ணையிலேயே நின்றுவிட்டாள். திரும்பி வரும்போது காரில் நானும் அண்ணையும் மட்டும். நெடுஞ்சாலை ஏறியதும் தாசன் அண்ணை தொண்டையைச் செருமினார்.

"மாஸ்டர், அவரைக் குடும்பம் எண்டது சரிதானே?"

"சரிதான், அண்ணை."

"பிறகு எப்பிடிப் பிழைச்சது?"

கலியாணம் பேசுகிற இடத்தில் பிழை போகிற மாதிரித்தான் என்று எனக்குத் தோன்றியது. ஆரின்ர ஆக்கள் என்று விசாரித்து, நல்ல குடும்பம் என்றதும் ஓம் சொல்லிவிடுகிறோம். பெடியன் எப்படி என்று எவரும் கேட்பதில்லை.

அதன்பிறகு மூன்று கிழமை அனிற்றா என்னோடு குறுஞ்செய்தியில் மட்டுமே பேசினாள். டச்சஸின் பாலிலும் நஞ்சு வரலாம் என்று சில நாள் தனியாகக் கறந்து ஊற்றினார்களாம். "லெற்றர் என்னவாம்?" என்று கேட்டு எழுதினேன். "டோன்ற் நோ" என்று பதில் வந்தது. மார்கிரற் வாய் திறக்கவில்லையாம். நான் நூலகத்தில் இருந்து புத்தகங்கள் எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். ஓய்வு பெற வேண்டிய வயதில், முன்பு படிப்பித்த பாடத்தைப் படிப்பது ஒரு நல்ல அனுபவம்.

களஞ்சியத்தில் என்னோடு வேலை செய்யும் சல்வத்தோரே இத்தாலியர். ஒரு நாள் மதியம் போத்தலில் இருந்து மஞ்சள் நிற விதைகளைத் தோலை நீக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். லூப்பின். நான் கதிரையைப் பின்னால் தள்ளினேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். இது வேறு இனம், ஆனால் இதுவும் கசப்புத்தான். அவித்து, நாட்கணக்காகத் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்ற, கசப்பெல்லாம் போய்விடும். பிறகு உப்பில் போட்டால் அருமையான தீன். எத்தனை தண்ணீர் மாற்றவேண்டும் என்று கேட்டேன். கசப்பு போகும்வரை என்றார். அகதி விசாரணை, மொழிப் பரீட்சை, பாதாள அறை வாடகை, தொழிற்சாலை என்று எனக்கு மாற்றிய தண்ணீர்களை நினைத்துப் பார்த்தேன். ஒரு விதை தின்றேன். பரவாயில்லை.

தாசன் அண்ணை வேறு வழியில் போனார். செவ்வாய்க்கிழமை தோறும் கோவிலில் அந்தோனியாருக்கு முன்னால் மெழுகுதிரி. அதோடு நிற்காமல், பூசையில் வாசிக்கும் வேண்டுதல் கருத்துக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வாசிக்கப்பட்டது: "டச்சஸின் சுகப்பிரசவத்துக்காக, யேசுதாசன் குடும்பத்தினர்."

தாசன் அண்ணைக்குக் கலியாணமாகாத மகன் ஒருவன் இருக்கிறான். பூசை முடிந்து வாகனத் தரிப்பிடத்துக்கு வருவதற்குள், அவன் ஒரு வெள்ளைக்காரப் பெட்டையோடு இருக்கிறானாம், பிரபு குடும்பமாம், பிள்ளை நவம்பரிலாம் என்று செய்தி பரவிவிட்டது. அண்ணையின் மனைவி திரேசா அக்காவைச் சுற்றிப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"அக்கா, மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? இப்ப எல்லா வீட்டிலயும் நடக்கிறதுதானே."

"அது ஆடு!" என்று திரேசா அக்கா கத்தினா.

"சீச்சீ, மருமேளை அப்பிடிச் சொல்லக்கூடாது அக்கா."

6

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, மல்வேர்னில் ஒரு கோப்பிக்கடையில் நானும் அண்ணையும் இருந்தோம். என் கைபேசியில் அனிற்றா அனுப்பிய படம் ஓடியது. வைக்கோலில் ஈரமாக ஒரு குட்டி. எழும்பப் பார்த்தது. விழுந்தது. மீண்டும் எழும்பியது. நான்கு கால். அண்ணை கைபேசியை என்னிடமிருந்து பறித்து, ஒவ்வொரு மூட்டாக விரல் வைத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். நான்கும் நேர். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கோப்பி நல்ல சூடு" என்றார்.

டிசம்பரில் கடிதமும் வந்தது. தன்னைப் பற்றி மார்கிரற் எழுதியதை அனிற்றா எனக்கு வாசித்துக் காட்டினாள். நச்சுச் செடியை ஒரே பார்வையில் அடையாளம் கண்டாள், நேரத்தைக் குறித்தாள், பதறவில்லை, உண்மையை மறைக்கவில்லை என்று ஒரு முழுப் பந்தி. அந்தச் சம்பவத்துக்குக் காரணம் "பயிற்சியற்ற வருகையாளர் ஒருவர்" என்றும் இருந்தது. மகளின் எதிர்காலத்துக்கு ஒரு தகப்பன் செய்யக்கூடியதை நான் செய்திருக்கிறேன். இந்த இலையுதிர் காலம் அவள் கல்லூரிக்குப் போகிறாள்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். குட்டி கிடாய்க்குட்டி. பால் பண்ணையில் கிடாய்க்கு வேலை இல்லை. கோடைக்கு முன் விற்றுவிடுவார்கள். போன வருடம் ஓடிப்போன கிடாய்க்குப் பதிலாக இதை எங்களுக்கே முதலில் தருவதாக மார்கிரற் சொல்லி அனுப்பினார். அவரைப் பொறுத்தவரை அது நியாயம். நான் அண்ணையிடம் சொன்னேன்.

"வெட்டவோ?" என்றார் அண்ணை. "மாஸ்டர், உவனுக்கு நான் எத்தினை மெழுகுதிரி கொளுத்தினனான் தெரியுமே? உவன்ர பேரில பூசை வைச்சிருக்கிறன். எட்டாக் கூறு போட்டு, ஈரல் ஆருக்கு எண்டு நான் கேக்கவோ?"

எட்டு வீட்டுக்காரரும் கூடிப் பேசினோம். குட்டியைப் பங்காகவே வாங்கினோம், கூறு போடாமல். அது மார்கிரற்றின் பண்ணையிலேயே நிற்கிறது. தீன் செலவு எங்களுடையது. வேறு கிடாய் வாங்கலாமே என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். அண்ணை அவரைப் பார்த்த பார்வையில் அவரே சோயா மீற் என்று முன்மொழிந்தார்.

திருநாளன்று பூசை முடிந்து நானும் அண்ணையும் பண்ணைக்குப் போனோம். ஆட்டுக்குக் கொடுக்கக்கூடிய குழைகளை அனிற்றா ஒரு தாளில் எழுதித் தந்திருந்தாள். முசுக்கொட்டை, வில்லோ என்று ஆறே ஆறு பெயர். கீழே சிவப்பு மையில், "அப்பா, வேற ஒண்டும் வேண்டாம்." அவள் தமிழில் எழுதிய மிக நீளமான வாக்கியம் அது. இந்தக் கோடையும் அங்கே வேலைக்கு நின்றவள், வாசலில் எங்களை நிறுத்தி, கட்டில் இருந்த இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

அண்ணை முசுக்கொட்டைக் குழையைத் தன் கடல் முடிச்சால் வேலியில் உயரக் கட்டினார். கிடாய் வந்தது. தாயின் காது, தாயின் நிறம். பின்னங்காலில் எழும்பி நின்றது. இரண்டு காலும் நேராக, தென்னை மாதிரி. குழையை மணந்து பார்த்தது. பிறகு கழுத்தைத் திருப்பி, என் கையில் இருந்த தாளை இழுத்தெடுத்து, சிவப்பு மையோடு நிதானமாக மென்று விழுங்கியது.

அண்ணைக்கு முகம் வெளிறிப்போனது.

"மாஸ்டர், கடுதாசி என்ன குடும்பம்?"

எனக்கு விடை நுனி நாக்கில் நின்றது. மரக்கூழ், செலுலோசு, ஊசியிலை மரம்.

"தெரியாது, அண்ணை" என்றேன். "பிள்ளையைக் கேப்பம்."